குதிரை காக்கும் தொழில் குறைந்த தொழிலா?

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நம் வர்த்தக அன்பர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காக்கா, என் மகன் கடைக்கு வரமாட்டேன் என்கிறான். உடல் ஊனமுற்ற பிள்ளைகளைக் குதிரை மேல் ஏற்றிச் சிகிச்சை செய்கிறார்களாம். அங்கே குதிரை பார்க்கிற வேலைக்குப் போகிறானாம். மூன்று தலைமுறையாகத் தராசு பிடித்த குடும்பம். இவன் சாணி அள்ளப் போகிறேன் என்கிறானே, இது நியாயமா?" என்றார்.

"அவனைத் திட்டாதீர்கள், யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் அப்போது சொல்லி வைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். ஒரு தொழிலின் உயர்வையும் தாழ்வையும் எதைக் கொண்டு அளப்பது என்பது நம் எல்லோருக்கும் உரிய கேள்வியாகையால், அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். குதிரை என்றதும் இவ்வூரில் நினைவுக்கு வருவது பந்தயம். 1842ல் சிங்கப்பூரில் தோன்றிய பந்தயச் சங்கம் முதலில் ஃபேரர் பார்க்கிலும், 1933 முதல் புக்கிட் தீமாவிலும், பிற்பாடு கிராஞ்சியிலும் பந்தயம் நடத்திற்று. 2024 அக்டோபர் 5ந் தேதியோடு அது முடிந்து போயிற்று. சிராங்கூன் ரோட்டுக்கு அருகே ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் நிற்கிறது. பந்தயத்தில் பணம் கட்டுவது ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாவம் பணம் கட்டிய மனிதனுடையது. குதிரையின் முதுகில் அதை ஏற்ற முடியாது. அன்பரின் மகன் போக விரும்புவதும் அந்த இடத்துக்கன்று.

அவன் போக விரும்பும் இடத்தில் என்ன நடக்கிறது? குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசைகிறது. மனிதன் நடக்கையில் அவன் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். நடக்க இயலாத பிள்ளை குதிரைமேல் அமர்ந்தால், நடையின் அசைவை அதன் உடம்பு உணர்கிறது. நிமிர்ந்து உட்காரவும் நிலை தடுமாறாமல் இருக்கவும் பழகுகிறது. 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில், இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்திருந்த லிஸ் ஹார்ட்டல் என்ற டென்மார்க் பெண்மணி குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன்பின் பல நாடுகள் இந்தச் சிகிச்சையைக் கவனிக்கலாயின. சிங்கப்பூரிலும் 1982 முதல் இதற்கென ஒரு தருமச் சங்கம் இயங்குகிறது. சிங்கப்பூரில் பிறந்து, பெருமூளை வாதத்தோடும் செவிட்டுத் தன்மையோடும் வளர்ந்த லாரென்ஷியா டான், ஐந்து வயதில் சிகிச்சைக்காகவே குதிரை ஏறியவர். 2008ல் பாராலிம்பிக் போட்டியில் இந்நாட்டுக்கு முதல் பதக்கத்தை வாங்கித் தந்தவர் அவரே.

அத்தகைய இடத்தில் ஒருவர் குதிரையை நடத்துவார். தேவைப்பட்டால் இருவர் இருபுறமும் பிள்ளையைத் தாங்கி நடப்பார்கள். குதிரை ஒரு தரம் மிரண்டால் போதும், பிள்ளை கீழே விழும். அது மிரளாமலிருப்பது யாரால்? விடியுமுன் எழுந்து, தீனியும் தண்ணீரும் வைத்து, குளம்பில் சிக்கிய கல்லை எடுத்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் குதிரைக்காரரால். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்ந்த புல் வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியைத் திடீரென்று மாற்றினால் வரும் வயிற்று நோய் உயிரையும் வாங்கிவிடும். இத்தனையும் கற்றவனுடைய வேலையைச் சாணி அள்ளுகிற வேலை என்று மட்டும் சொன்னால், நம் வேலையையும் மூட்டை தூக்குகிற வேலை என்று சொல்லிவிடலாமே!

காயல்பட்டினத்து அன்பருக்கு அவர் ஊரின் சரித்திரத்தையே நினைவூட்ட விரும்புகிறேன். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் காயல். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அரசு விலை கொடுத்தது என்றும் எழுதுகிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னொன்றையும் சொல்கிறார்: ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும், பக்குவமாகப் பார்க்கத் தெரிந்த ஆளில்லாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லையாம். குதிரை விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியர்களை அழைத்து வரவுமில்லை, வரவிடவுமில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடியும் விற்கலாம்!

போலோ சொன்னது முழுவதும் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அந்த வணிகர் நம்மிடம் வழக்காடுகிறார்: "நான் விற்றது நல்ல சரக்கு. குறையை மறைக்கவில்லை. நிறையில் மோசமில்லை. வாங்கியவனுக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் அது என் குற்றமா?" கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் அந்த வியாபாரத்தில் விற்றவன், வாங்கியவன் என்ற இருவரோடு மூன்றாவதாக ஓர் உயிரும் இருந்தது. அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதற்குப் பேச வாயுமில்லை. அதன் சாவையே லாபக் கணக்கில் எழுதிய கைக்கு பரக்கத் எங்கிருந்து வரும்? அந்தத் துறைமுகத்தில் குறைவாக இருந்தது பொன்னுமன்று, கப்பலுமன்று. குதிரையைக் காக்கத் தெரிந்த ஒருவன்தான் அங்கே இல்லை. அவன் ஒருவன் வந்திருந்தால் ஆயிரக்கணக்கான உயிர் பிழைத்திருக்கும்.

மார்க்கம் அவனை எங்கே வைக்கிறது? திருக்குர்ஆனில் பாய்ந்தோடும் குதிரைகள் மீது ஆணையிட்டே ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. தமீமுத் தாரீ (ரலி) அவர்களைப் பார்க்க வந்த ஒருவர், வீட்டார் சூழ்ந்திருக்க அவர் தம் கையாலேயே குதிரைக்கு வாற்கோதுமை புடைப்பதைக் கண்டு, இதைச் செய்ய வேறு ஆளில்லையா என்று கேட்டாராம். ஆளிருக்கிறது, ஆனாலும் குதிரைக்காகச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் நன்மை எழுதப்படும் என நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பது அவர் தந்த பதிலின் கருத்து. இவ்வூரில் குதிரைக்காரரைச் சைஸ் என்பார்கள். அது அரபுச் சொல். அரசாட்சியைக் குறிக்கும் சியாசத் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். குடிகளை ஆள்வதும் குதிரையைப் பேணுவதும் அந்த மொழியில் ஒரே குடும்பம்.

இன்னொரு கேள்வியும் நியாயமானதே. சிகிச்சைக்கென்றாலும் குதிரையை நாம் வேலை வாங்கத்தானே செய்கிறோம்? உண்மை. வேலை வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை, வதைப்பதைத் தடுக்கிறது. பட்டினி போட்டு அளவுக்கு மீறி உழைக்க வைத்த ஒட்டகத்துக்காக அதன் சொந்தக்காரரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நாம் அறிந்ததே.

ஆகையால் அன்பருக்கு என் யோசனை இது. மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே குதிரைக்கு வேலை எத்தனை மணி நேரம், ஓய்வு எவ்வளவு? குதிரை இருபத்தைந்து ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடியது. சுமக்க முடியாத வயதில் அதை என்ன செய்கிறார்கள்? தருமக் காரியந்தானே என்று சொல்லிக் குதிரைக்காரரின் கூலியைக் குறைக்காமல், வியர்வை உலருமுன் கொடுக்கிறார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், ஸலாம் சொல்லி அனுப்பி வையுங்கள். நம் குடும்பத்துப் பெயருக்கு இதனால் இழுக்கில்லை. ராவுத்தர் என்று நம்மில் பலர் தாங்கும் பெயருக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள்.

அந்த மூன்று கேள்விகளையும் எழுதி முடித்தபின், அவை என் கடையையும் பார்த்துக் கேட்பதாகத் தோன்றிற்று. நம்மிடம் நிற்கும் பையன் எத்தனை மணி நேரம் நிற்கிறான்? நாற்பது வருஷம் உழைத்துக் கண் மங்கிய கணக்குப்பிள்ளையை என்ன செய்தோம்? சம்பளத் தேதி தவறாமல் வருகிறதா? லாயத்தில் நிற்பவனாயினும் கல்லாவில் இருப்பவனாயினும், தன் கைக்குள் அகப்பட்ட பேசமுடியாத உயிரை அவன் எப்படி வைத்திருக்கிறான் என்பதே தொழிலின் அளவுகோல். அந்தப் பையன் தன் பதிலைத் தேடிப் புறப்பட்டுவிட்டான். நாமும் நம் பதிலைத் தேடிக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.