கல்யாண வீட்டுக்கு என்ன கொண்டு போவது?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் பேருந்துப் பாதை போனக்காட்டோடு முடிந்துவிடுகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குச் செல்வோர் அங்கிருந்து காட்டு வழியே நடக்க வேண்டும். அந்த யாத்திரைக்குரிய பருவம் தை மாதத்தில் தொடங்குகிறது. தை கல்யாண மாதமும்கூட. சில ஆண்டுகளுக்கு முன், குறுமுனிவரின் மலையைத் தரிசிக்கும் ஆசையோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். மலையேறுவதற்கு முந்தைய மாலையில் ஒரு கல்யாணப் பரிசைப் பற்றிய கேள்விக்கு விடை தெரியாமல் விழிக்க நேர்ந்தது.

போனக்காடு ஒரு தேயிலைத் தோட்டம். இப்போது பெயரளவுக்குத்தான் தோட்டம். வெள்ளையர் காலத்தில் உண்டான அதில் உழைத்தவர்களில் பலர், தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தோட்டம் நலிந்தது, தொழிற்சாலை ஓய்ந்தது. கூலி பாக்கியும் பணிக்கொடையும் கைக்கு வராமல் பல குடும்பங்கள் கீழே இறங்கிப் பிழைப்புத் தேடிக்கொண்டன. இறங்க வழியற்றவர்கள் ஒழுகும் லயங்களில் தங்கிவிட்டார்கள். வரிசையாக ஒரே கூரையின்கீழ் அமைந்த தொழிலாளர் குடியிருப்புக்கு அங்கே லயம் என்று பெயர். ஒரு வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டில் மணக்கும். வேதாந்தம் படித்த எனக்கு அந்தச் சொல் வேறு பொருளில்தான் பழக்கம். ஆனால் எல்லை அழிந்து ஒன்றிவிடுதல் என்ற அளவில் அங்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

அத்தகைய ஒரு லயத்தின் வாசலில் தேநீர் தந்த மூதாட்டி, கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். மகள் வழிப் பேரனை வளர்த்து வருகிறார். அடுத்த லயத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த வாரம் கல்யாணம். அந்த இளம் தம்பதிக்கு என்ன கொடுப்பது என்று அவர் என்னைக் கேட்டார். கையில் 500 ரூபாய் இருக்கிறது, அதற்குமேல் வழியில்லை. காதில் கிடக்கும் கம்மலில் ஒன்றை அடகு வைத்து ஆயிரமாகக் கொடுத்துவிடலாமா என்றும் யோசனை. அந்தக் கம்மல் பேரனுக்கு ஒரு நோய் நொடி, ஒரு பரீட்சைக் கட்டணம் என்று வந்தால் உதவுவதற்காகக் காப்பாற்றி வைத்திருப்பது.

நம் போன்றவர்களிடம் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தயாராக இருக்கும். நானும் தயங்காமல் சொன்னேன்: “அம்மா, அன்போடு ஒரு முழம் பூ கொடுத்தாலும் போதுமே. குசேலர் கண்ணனுக்கு அவல்தானே கொண்டு போனார்?”

அவர் சிரித்தார். “குசேலர் கண்ணன்கிட்டே முன்னாடியே 301 ரூபாய் வாங்கியிருக்கலையே, சாமி!”

பிறகுதான் விவரம் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மகளின் கல்யாணத்தில், இப்போது மணப்பெண்ணாக நிற்கும் பெண்ணின் தந்தை 301 ரூபாய் மொய் எழுதியிருக்கிறார். அன்று அது அவருடைய ஒரு வாரக் கூலிக்கு மேல். அந்த மொய் நோட்டு இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. அன்றைய 301 இன்றைக்கு எத்தனை ரூபாய்? இந்தக் கணக்குக்கு விடை சொல்ல எந்தச் சாத்திரம் படித்திருக்கிறேன் நான்? உடைமைகளைத் துறந்தவன் ‘எளிமையாகக் கொடுங்கள்’ என்று சொல்வதற்குச் செலவேதும் ஆவதில்லை. கடன்பட்டவர்களுக்கு அது உபதேசமாகாது. அந்த மாலையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மொய்யை நாம் எளிதாக இகழ்ந்துவிடுகிறோம். அது அன்பல்ல, வியாபாரம் என்கிறோம். ஆனால் புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி பகுதிகளில் ஆடி மாதத்தை ஒட்டி நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். வடகேரளத்தில் வடகரைப் பக்கத்துப் பணப்பயற்று என்னும் வழக்கத்தைப் பாருங்கள். வங்கி எட்டிப் பார்க்காத வீடுகளுக்கு, வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், ஊரார் சேர்ந்து ஒரு முதலைத் திரட்டித் தரும் ஏற்பாடுகள் இவை. வாங்கியவர் தம் முறை வரும்போது திருப்பிச் செய்கிறார். இதில் இழிவு எங்கே இருக்கிறது? கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்று கடமைகளின்மேல் பழஞ்சமுதாயங்கள் நின்றதை 1925 இல் வெளிவந்த தமது ஆய்வில் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் விளக்கினார். போனக்காட்டு மூதாட்டியின் தகரப் பெட்டியிலும் அந்த மூன்றும் இருந்தன.

திருவள்ளுவர் இந்த இடத்தில் மிகவும் கறாரானவர். ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே, வறியவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றவையெல்லாம் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் கைம்மாற்றைப் போன்றவை என்று கோடு கிழித்துவிடுகிறார். அப்படியானால் கல்யாணப் பரிசு ஈகை அல்ல. கீதையின் பதினேழாம் அத்தியாயமும் இதற்கு இணங்கவே பேசுகிறது. கைம்மாறு செய்ய இயலாதவர்க்குத் தக்க இடத்தில், தக்க காலத்தில் தருவது சாத்துவிகம். பலனை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ தருவது ராஜஸம். கம்மலை அடகு வைத்து, உள்ளுக்குள் நொந்துகொண்டு எழுதும் ஆயிரம் ரூபாய் எந்த வகையில் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரம் எது? ஒப்புரவறிதல். ஊரோடு ஒத்து வாழ்ந்து செய்யும் உதவி அது. ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், மருந்தாகிப் பயன்படும் மரமும் அங்கே உவமைகள். கல்யாணப் பரிசின் உண்மையான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் வள்ளுவர் இந்த அதிகாரத்தில் வறுமையை ஒரு விலக்காக ஏற்பதில்லை. கடமை உணர்ந்தவர்கள் கையில் வளம் இல்லாத காலத்திலும் ஒப்புரவில் தளரமாட்டார்கள் என்கிறார். நல்லவனுக்கு வறுமை என்பது உணவு இல்லாமை அன்று, செய்ய வேண்டியதைச் செய்ய இயலாமல் தவிப்பதே என்கிறார். கடைசியாக, ஒப்புரவினால் கேடு வருமென்றால் அந்தக் கேடு தன்னை விற்றாவது வாங்கத்தக்கது என்றுகூடச் சொல்லிவிடுகிறார். வள்ளுவரை அழைத்தால் அவர் என் பக்கம் சாட்சி சொல்லமாட்டார், கம்மலைக் கழற்ற நினைத்தவரின் பக்கம்தான் நிற்பார் போலிருந்தது. இரவு முழுவதும் இது என்னை உறுத்திற்று.

மறுநாள் ஏறிய மலை யாருடையது என்பது வழியில்தான் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு வெறுங்கையோடுகூடப் போக முடியாமற்போனவர் அகத்தியர். சிவபெருமான் திருமணத்துக்கு எல்லோரும் கயிலையில் திரள, பூமி சாய்ந்தது. சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்டார் அவர். போகாமலிருந்ததே அவர் தந்த பரிசு. இதே மலைத்தொடரின் தமிழகச் சரிவில், பாபநாசத்துக்கு மேலே உள்ள கல்யாண தீர்த்தம் அவருக்கு இறைவன் மணக்கோலம் காட்டிய இடமாகப் போற்றப்படுகிறது.

ஆனால் என் கேள்விக்கு நெருங்கியது மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் வேறொரு கதை. அகத்தியர் விதர்ப்ப மன்னனின் மகள் லோபாமுத்திரையை மணந்தார். அவள் பட்டையும் அணிகளையும் களைந்து மரவுரி தரித்து அவரோடு தவம் செய்தாள். இல்லறத்துக்கு அவர் அழைத்தபோது, தந்தையின் வீட்டில் இருந்தது போன்ற படுக்கையும் அணிகலன்களும் வேண்டும் என்று கேட்டாள். மகாபாரதம் அவளைப் பேராசைக்காரி என்று சொல்லவில்லை. புது வாழ்வு தொடங்கும் ஒருத்தி கொஞ்சம் அழகையும் வசதியையும் விரும்புவது குற்றமன்று. முனிவர் தவவலிமையால் ஒரு நொடியில் வரவழைத்திருக்கலாம். அது தவத்தைச் செலவழிப்பதாகும் என்பதால் அவர் பொருள் தேடிப் புறப்பட்டார்.

முதலில் சுருதர்வன் என்ற அரசனிடம் போனார். உன் சக்திக்கு ஏற்றபடி, பிறரைத் துன்புறுத்தாமல், ஒரு பங்கு தா என்பதே அவர் கேட்டது. இரண்டு நிபந்தனைகள் அதில் அடங்கியிருக்கின்றன. அரசன் என்ன செய்தான்? தன் வரவையும் செலவையும் முழுமையாக அவர் முன் வைத்து, இதில் எது மிச்சம் என்று கருதுகிறீர்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். வரவும் செலவும் சமமாக இருந்தன. அதிலிருந்து எதை எடுத்தாலும் யாரோ ஓர் உயிர் துன்புறும் என்று கண்ட முனிவர் ஒன்றும் பெறவில்லை. அந்த அரசனையும் அழைத்துக்கொண்டு பிரத்னாச்வனிடம் போனார். அங்கும் வரவு செலவு சமம். திரஸதஸ்யுவிடம் போனார்கள். அங்கும் அப்படியே. பின்னர் பெருஞ்செல்வனான இல்வலனிடம் நால்வரும் சென்றதும், வாதாபி சீரணமானதும் எல்லோரும் அறிந்தவை. அந்தப் பகட்டான பகுதியைச் சொல்லும் அவசரத்தில், மூன்று அரசர்களின் கணக்கேடுகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

வள்ளுவருக்கும் அகத்தியருக்கும் இதில் முரண் இல்லை என்பது மலையில் ஓரளவு தெளிந்தது. வள்ளுவர் விற்கச் சொல்வது தன்னை. அகத்தியர் தடுப்பது பிறருக்கு வரும் துன்பத்தை. மூதாட்டி தம் ஒரு வேளைத் தேநீரைக் குறைத்துக்கொண்டு கொடுத்தால் அது ஒப்புரவு. அந்தக் கம்மலோ அவர் காதில் இருந்தாலும் பேரனுடையது. யாருடைய தட்டிலிருந்து எடுக்கிறோம் என்று பார்த்துவிட்டால் பாதிக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. கொடை அளவில் இல்லை, கொடுப்பவரின் உடைமையை ஒட்டியே அது மதிக்கப்படும், குறைவாகக் கொடுத்தவரே பெரிய கொடையாளியாகவும் இருக்கலாம் என்று அரிஸ்டாட்டில் எழுதியது இங்கே ஒத்துப்போகிறது. நம் நாட்டுச் சட்டமும் இதே அளவுகோலை ஏற்றிருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1961 ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தில் பின்னர் வந்த திருத்தத்தின்படி, மணமகள் தரப்பார் தரும் அன்பளிப்புகள் வழக்கத்தை ஒட்டியவையாகவும், தருபவரின் பொருள்நிலையை நோக்க மிகையற்றவையாகவும் இருக்க வேண்டும். 1985 ஆம் ஆண்டு விதிகள் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்கச் சொல்கின்றன. பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, தந்தவர் யார், என்ன உறவு என்றெல்லாம் அதில் குறிக்க வேண்டும். மொய் நோட்டின் மறு உருவம்!

கடன் வாங்கிச் செய்யும் சிறப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு ஸ்ரீராமகிருஷ்ணரின் திருமணமே சான்று. 1859 ஆம் ஆண்டு, அக்கால வழக்கப்படி சிறுமியாக இருந்த ஸ்ரீசாரதாதேவியை அலங்கரிக்க, ஏழையான சந்திரமணி தேவி ஊரிலிருந்த லாஹா குடும்பத்தாரிடம் நகைகளை இரவல் வாங்கினார். சில நாட்களில் திருப்பித் தர வேண்டி வந்தது. அந்தத் தாய்க்கு அவற்றைக் குழந்தையிடமிருந்து கழற்ற மனம் வரவில்லை. அவள் உறங்கும்போது ஸ்ரீராமகிருஷ்ணரே மெல்லக் கழற்றினார். விழித்த குழந்தை நகை எங்கே என்று கேட்க, மாமியார் அவளை மடியில் வைத்துக் கண்ணீரோடு தேற்றினார். அன்றே வந்த பெண்ணின் சித்தப்பா விஷயம் அறிந்து மனத்தாங்கலோடு அவளை அழைத்துச் சென்றுவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்திரமணி தேவியின் மேல் குறை தோன்றுவதில்லை. ஊர்க்கண்ணுக்கு அஞ்சிய ஏழைத் தாயின் மேல் இரக்கமே தோன்றுகிறது. பின்னாளில் தட்சிணேசுவரத்தில், எல்லாவற்றையும் துறந்த ஸ்ரீராமகிருஷ்ணரே அன்னைக்கு நகைகள் செய்வித்துக் கொடுத்தார். அவை இரவல் அல்ல.

மலையிலிருந்து இறங்கியபோது கல்யாணம் முடிந்திருந்தது. மூதாட்டியின் காதுகளில் இரண்டு கம்மலும் இருந்தன. நான் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் நேரே மணப்பெண்ணிடமே போய், உனக்கு என்ன இல்லை என்று கேட்டிருக்கிறார். நெடுமங்காட்டில் வாடகை அறையில் குடித்தனம் தொடங்கப் போகும் பெண். குத்துவிளக்கு மூன்று வந்துவிட்டன, குக்கர் ஒன்றுகூட இல்லை என்று அவள் சொன்னாளாம். லயத்துப் பெண்கள் ஐந்து பேர் பணம் சேர்த்து ஒரு குக்கர் வாங்கிவிட்டார்கள். இவருடைய பங்கு 199 ரூபாய். மீதி 301 ரூபாயை மொய் நோட்டில் தம் பெயருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்.

“அவன் எழுதினதை அப்படியே எழுதிட்டேன், சாமி. அன்னைக்கு அது பெரிய பணம், இன்னைக்குச் சின்னது. அதை அவன்கிட்டேயே சொல்லிட்டேன். ‘அக்கா, உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா’ன்னான்.”

நான் அவருக்கு அகத்தியர் கதையைச் சொன்னேன். மூன்று அரசர்கள் கணக்கைத் திறந்து வைத்த இடத்தில் அவர் என்னை நிறுத்தினார். “அந்த ராஜாக்கள் கூச்சப்படாமலா காட்டினாங்க?” என்று கேட்டார்.

மடத்துக்குத் திரும்பியதும் வனபர்வத்தை எடுத்து அந்தப் பகுதியை மறுபடியும் படித்தேன். அவர்கள் கூசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. எதையும் கொடுக்க முடியாத அந்த அரசர்கள், முனிவரோடு சேர்ந்து அடுத்த ஊருக்கு நடந்து போனார்கள் என்றுதான் இருக்கிறது.