காடை முட்டையில் யாருடைய நலம்?

விவிலியத்தின் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், மன்னா என்ற உணவையே தின்று சலித்த இஸ்ரவேலர் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். காற்று கடலிலிருந்து காடைகளைக் கொண்டுவந்து பாளையத்தைச் சுற்றிக் கொட்டுகிறது. இறைச்சி வாயில் இருக்கும்போதே கொள்ளைநோய் தாக்குகிறது. இச்சைக்கு விழுந்த தண்டனை என்பது மரபு கண்ட பொருள். வலசை வழியில் காடைகள் தின்ற நச்சு விதைகள் காரணமாக இருக்கலாம் என்றும் பிற்காலத்தில் சிலர் கருதினார்கள். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் 20ஆம் நூற்றாண்டிலும் வலசைக் காடை தின்ற சிலருக்குத் தசை சிதைந்து சிறுநீர் கறுத்ததுண்டு.

பறவை தின்றது மனிதருக்குள்ளும் வரும் என்ற அந்த அச்சம், இன்றைய பண்ணையில் நம்பிக்கையாகியிருக்கிறது.

மஞ்சள் கருவின் கொழுப்பு கல்லீரலில் உருவாகி, இரத்தம் வழியாகக் கருவில் சேர்கிறது. அதனால் தீவனத்தில் ஆளி விதை கலந்தால் சில வாரங்களில் மஞ்சள் கருவில் ஒமேகா-3 கூடிவிடும். அளவு மிஞ்சினால் முட்டையில் மீன் வாடை அடிக்கலாம். விதையின் கொழகொழப்பு பறவையின் செரிமானத்தையும் கெடுக்கும். ஓட்டின் உறுதி வேறு கணக்கு. அதற்குக் கால்சியம் வேண்டும். தீவனத்தில் அது குறைந்தால் காடை தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும்.

தீவன ஆய்வுகள் சொல்லும் ‘தரம்’ என்ற சொல்லை இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். ஓட்டின் தடிமன், வெள்ளைக் கருவின் உயரம், மஞ்சள் கருவின் நிறம்: எல்லாமே முட்டை பறவையை விட்டு வந்தபின் எடுக்கும் அளவுகள். ஏழாவது வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்கி, பத்து கிராம் முட்டையை ஏறக்குறைய தினமும் தரும் ஜப்பானியக் காடை இந்தக் கணக்கில் தீவனம் முட்டையாகும் வழி மட்டுமே.

அதே விவிலியத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரம் கூட்டிலிருந்து முட்டையை எடுக்க அனுமதிக்கிறது. ஆனால் தாய்ப்பறவையைப் பறக்க விடச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டின் யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ், குஞ்சைப் பிரியும் தாயின் வேதனையில் மனிதருக்கும் விலங்குக்கும் வேறுபாடில்லை என்று இந்தச் சட்டத்துக்குக் காரணம் காட்டினார். உண்பவரின் உரிமையை அவர் மறுக்கவில்லை. உண்ணப்படும் உயிருக்கும் ஒரு நலம் உண்டென்பதற்கு அதே சட்டத்துக்குள் இடம் கண்டார். விதைத் தீவனத்தை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது அரிது.

ஆளி விதை கலப்பதில் பாவமில்லை. ஆனால் முட்டைக்கு ‘நல்லது’ என்று சான்று தருமுன், அதை இட்டவளின் எலும்பு வலுவாக இருக்கிறதா, புழுதியில் புரள அவளுக்கு இடமிருக்கிறதா, மிரண்டு செங்குத்தாக எழும்பும்போது கூண்டின் கூரையில் தலை அடிபடுகிறதா என்பதையும் ஆய்வாளர்கள் அதே தர அட்டவணையில் எழுத வேண்டும்.