சூடு எங்கே போகிறது?

"அண்ணே, ஃபிரிட்ஜ் பக்கத்துல கை வச்சா சுடுது" என்று சித்திரை மாதத்தில் போன் வரும். நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சுடட்டும்மா. சுடலைன்னா கூப்பிடுங்க." கேட்பவருக்கு இது கிண்டலாகப் படும். ஆனால் என் தொழிலில் இதைவிட உண்மையான பேச்சு கிடையாது. உள்ளே குளிர்கிறது என்பதற்கு முதல் சாட்சி வெளியே சுடுவதுதான்.

ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் படித்துவிட்டுப் பள்ளிப்பட்டு பஜாரில் சின்னதாகக் கடை வைத்திருப்பவன் நான். பொதட்டூர்பேட்டையிலிருந்து நகரி வரைக்கும் வாடிக்கை. பாதி வீடுகளில் ஒரே வாக்கியத்திலேயே தமிழும் தெலுங்கும் வரும். 1960இல் எல்லையை மாற்றி இந்தப் பகுதியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் பேச்சை யாராலும் மாற்ற முடியவில்லை. கடை அடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்புக்கும் போய் வந்தேன். வகுப்பில் படித்ததும் கடையில் படித்ததும் எனக்கு ஒரே கேள்வியில் வந்து முட்டின. எடுத்த சூடு எங்கே போகிறது?

ஃபிரீசரில் ஐஸ் கட்டவில்லை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, "கேஸ் தீந்துபோச்சா?" கேஸ் தீராது. அது எரிந்து செலவாகிற சரக்கு அல்ல. மூடிய குழாய்க்குள் அதேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அதற்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை பல. கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. பழைய மாடலில் ஃபிரீசர் சுவரில் விரல் தடிமனுக்கு ஐஸ் படிந்திருந்தால், அந்த ஐஸே உள்ளே இருக்கும் சூடு குழாய்க்குப் போகாமல் தடுக்கும். அணைத்துக் கரைய விட வேண்டும். தானாகக் கரைக்கும் மாடலில் ஹீட்டர் போயிருந்தால் உள்ளே குளிர்க் குழாய்ச்சுருள் முழுக்க ஐஸ் மூடி ஃபேன் காற்று வராது. கீழ்த்தட்டில் பால்தான் முதலில் திரியும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் டிக் டிக் என்று ரிலே சத்தம் மட்டும் வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்ரசர் ராத்திரி பகலாக ஓடுகிறது, ஐஸ் மட்டும் கட்டவில்லை என்றால், எங்கள் ஊரில் நான் நேராகப் பின்பக்கம் போய்விடுவேன். பழைய ஃபிரிட்ஜ்களின் முதுகில் இருக்கும் கறுப்புக் கம்பி வலைதான் கண்டென்சர். உள்ளே உறிஞ்சிய சூட்டை அதுதான் வெளியே விட வேண்டும். விசைத்தறி ஓடும் வீடுகளில் அந்த வலை முழுக்கப் பஞ்சு ஏறிச் சாம்பல் நிறத்தில் மெத்தை கட்டியிருக்கும். அதற்கு மேல் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். பக்கத்தில் அடுப்பு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் 'டி' (T) வகுப்பு என்று போட்டிருந்தால், சுற்றுப்புறம் 43 டிகிரி வரை இருந்தாலும் வேலை செய்யும் என்று பொருள். கத்திரி வெயிலில் எங்கள் சமையலறைகள் அந்தக் கணக்கைச் சுலபமாகத் தாண்டும். சூட்டைக் கொட்ட இடமில்லாத ஃபிரிட்ஜ் குளிராது. மற்றதெல்லாம் உதிரி பாகம்.

பிள்ளைகள் கேட்பதுண்டு: "மாமா, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வச்சா ரூம் ஏ.சி. மாதிரி ஆயிடுமா?" ஆகாது. அறை இன்னும் சூடாகும். உள்ளிருந்து எடுத்த சூட்டோடு, அதை எடுப்பதற்குக் கம்ப்ரசர் தின்ற கரண்டும் சூடாகி, இரண்டும் சேர்ந்து முதுகு வழியாக வெளியே வருகிறது. எடுத்ததைவிடக் கொட்டுவது எப்போதும் அதிகம். சூடு தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு ஏறாது, ஏற்ற வேண்டுமென்றால் செலவு உண்டு என்று கிளாசியஸ் என்ற ஜெர்மானியர் 1850களில் சொன்ன விதி இது. இன்றுவரை எந்தக் கம்பெனியும் இதை மீறவில்லை.

இந்த விதியை மனிதர்கள் நம்பத் தயங்குவதில் வியப்பில்லை. குளிர் ஒரு பொருள், அதை வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கைக்குத் தோன்றுகிறது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸைக் கப்பலேற்றி மதராசுக்கு அனுப்பினார். அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். குளிரை எடை போட்டு விற்ற காலம் அது. நம் தருக்க நூலார்களும் கையை நம்பியவர்களே. அன்னம்பட்டர் எழுதி, பின்னால் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்துக்கு அன்னம்பட்டரே செய்த உரை, இருள் என்பது ஒளியின் இன்மை மட்டுமே என்கிறது. மூல நூல், குளிர்ந்த தொடுகை தண்ணீருக்கே உரிய குணம் என்கிறது. இருளுக்குத் தராத இடத்தைக் குளிருக்குத் தந்துவிட்டார்கள். இன்றைய இயற்பியலில் குளிருக்கும் தனி இருப்பு இல்லை. குளிரச் செய்வது என்பது சூட்டை வேறு இடத்துக்கு மாற்றுவது, அவ்வளவுதான்.

மன அமைதியை மட்டும் நாம் இன்னும் சரக்காகத்தான் நினைக்கிறோம். மலைக்குப் போனால் கிடைக்கும், விரதமிருந்தால் கிடைக்கும், கண்ணை மூடினால் கிடைக்கும் என்கிறோம். கிடைக்கிறது, மறுக்கவில்லை. அமைதியான மனிதரிடமிருந்து வெளியேறிய சூடு எங்கே இறங்கியது என்பதுதான் என் கேள்வி.

திருத்தணி எங்களுக்குப் பக்கம்தான். சூரபதுமனோடு போர் செய்து, வள்ளிக்காக வேடர்களோடும் போர் செய்து, முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை என்பது தலபுராணம். அதனால் கந்த சஷ்டிக்கு மற்றத் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது தணிகையில் அது கிடையாது, மலரால் அர்ச்சனைதான். ஆனால் கோடை வந்தால் செய்தியில், "அதிகபட்சமாக வேலூர், திருத்தணியில்" என்றுதான் தொடங்குவார்கள். கோபத்தை அவர் இறக்கி வைத்த இடம் இது, வெயில் அடிக்காமல் என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் நான் வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கைக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. தணிந்த கோபம் எங்கோ இறங்கித்தான் இருக்க வேண்டும். ஆலகால விஷத்தின் கதையிலும் சிவன் விஷத்தை இல்லாமல் ஆக்கவில்லை, கழுத்தில் வைத்துக்கொண்டார். தாங்கக்கூடிய ஒருவர் தாங்கினார் என்றுதான் நம் கதைகள் சொல்கின்றன.

இதற்கு வேதாந்தம் தரும் பதில் வேறு. கயிற்றைப் பாம்பு என்று பயந்தோம். விளக்கைக் கொண்டுவந்ததும் பாம்பு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அது இருந்ததே இல்லை. துன்பமும் அப்படித்தான் என்பார்கள். அழகான வாதம், பயத்துக்குப் பொருந்தும். ஆனால் கோபத்தில் ஒருவன் வீசிய சொல், கேட்டவரின் நெஞ்சில் தைத்திருக்கிறது. இவனுக்கு ஞானம் வந்துவிட்டது என்பதால் அந்தச் சொல் இல்லாமல் போய்விடுமா?

சித்தாந்தம் இங்கே என் தொழிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன்படி உயிரை மறைக்கும் ஆணவ மலம் வெறும் இன்மை அல்ல, உள்பொருள். முத்தியிலும் அது அழிவதில்லை. அதன் சத்தி மட்டும் அடங்கும். வினையிலும் கணக்கு உண்டு. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதத்தைக் குருவருள் எரிக்கும். இனி ஏறும் ஆகாமியம் ஞானத்தால் பற்றாமல் போகும். ஆனால் இந்த உடலோடு வந்துவிட்ட பிராரத்தத்தை இந்த உடல் அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். தீட்சை பெற்ற ஞானிக்கும் அதில் விலக்கு இல்லை. வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்று எனக்குக் கண்டென்சர் நினைவு வந்தது. என் வினையை என் உடல் சுமக்க வேண்டும் என்கிறது சாத்திரம். பக்கத்தில் நிற்பவரின் தலையில் இறக்கலாம் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

சொல்ல வந்ததற்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன். பள்ளிப்பட்டில் தறிக்காரர் ஒருவர் வீடு. முன்கோபக்காரர், சாப்பாட்டுத் தட்டு பறந்த வீடு அது. சில வருடமாகக் கிருத்திகைதோறும் மௌன விரதம் இருக்கிறார். மற்ற நாட்களிலும் குரல் இறங்கிவிட்டது, பிள்ளைகள் பயமில்லாமல் குறுக்கே ஓடுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. விரதத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஒரு கிருத்திகையன்று அவர் மனைவி கூப்பிட்டார். "தம்பி, ஓடிக்கினே இருக்குது, ஐஸ் மட்டும் கட்ட மாட்டேங்குது." அவர் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாக்கெட் ஐஸ் விற்பவர், ஃபிரீசர் நின்றால் வரும்படி நிற்கும். சமையலறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரு மாடம் போன்ற சந்தில் ஃபிரிட்ஜைச் செருகி வைத்திருந்தார்கள். இழுத்துப் பார்த்தால் நினைத்தது போலவே வலை முழுக்கப் பஞ்சு. பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பிடி பிடியாக வந்தது.

நான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல்கடைப் பாக்கி கேட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பேசினார். திரும்புவதற்குள் சீட்டுப் பணம் வாங்க இன்னொருவர். அவருக்கும் இவர்தான் பதில் சொன்னார். வீட்டுக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு முருகன் படத்தின் முன் உட்கார்ந்திருந்தார். முகத்தில் உண்மையாகவே சாந்தம் இருந்தது. உள்ளே வந்த அந்த அம்மா என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவரு பேசாத இருக்குறாரு. அவரு பேச வேண்டியதையும் சேத்து நான்தானே பேசணும்." அந்த அம்மாவின் முகத்தில் வெயில் பட்ட களைப்பும் வேர்வையும்.

வீட்டுக்காரர் எழுந்து வந்து, பிள்ளையின் நோட்டில் எழுதிக் காட்டினார்: என்ன கோளாறு? நான் சொன்னேன், "சூடு வெளிய போக வழியில்லண்ணா, வேற ஒண்ணுமில்ல." அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாமல் வீட்டுக்காரரும் சிரித்தார். ஃபிரிட்ஜைச் சந்திலிருந்து எடுத்துக் காற்றோட்டமான சுவர் ஓரம் இடைவெளி விட்டு நிறுத்திவிட்டு வந்தேன். ஐஸ் கட்டியது. அந்த வீட்டின் மற்றக் கணக்கு என் வேலையில் சேராது.

ஆனாலும் ஒருவரின் சாந்தியை இன்னொருவர் சுமப்பது தத்துவத்துக்குப் பழைய வழக்குதான். திருத்தணியில் பிறந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எம்.ஏ. படித்தபோது 1908இல் எழுதிய ஆய்வுரை வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. உலகம் மாயை என்கிற வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று மிஷனரிகள் குறை சொன்னார்கள். அதற்கு மறுமொழியாகவே அதை எழுதினார். இருபது வயது இளைஞரை உறுத்திய கேள்வி, தறிக்கூடத்துச் சமையலறையிலும் கேட்கத்தான் செய்கிறது. உள்ளே போகும் பாதை சரி, அந்தப் பாதையில் போகிறவன் வெளியே விட்டுச் செல்வதற்கு யார் பொறுப்பு?

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே குளிர்ந்தது என்பதை வைத்து ஒருவரின் ஆன்மிகத்தை அளக்கக் கூடாது; அவர் கொட்டிய சூடு தாங்கக்கூடிய இடத்தில் விழுந்ததா என்று பார்த்தே அளக்க வேண்டும். கோபத்தை உழைப்பில் இறக்கலாம், நடையில் இறக்கலாம், மலைப்படியில் இறக்கலாம், இறைவனிடம் அழுது இறக்கலாம். இவையெல்லாம் தாங்கும். ஏற்கெனவே அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவர் மேல் இறக்கினால், எடுத்ததைவிட அதிகமாகத்தான் அங்கே போய்ச் சேரும். அப்படிப்பட்ட சாந்தி முருகன் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அரைகுறைதான்.

மே 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். அதற்குள் ஃபிரிட்ஜை அணைத்து, சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி, முதுகைத் துடைத்துவிடுங்கள். விரதம் இருக்கிறவர்கள், அன்றைக்கு உங்களுக்காக வாசலில் நின்று பேசுகிறவர் யார் என்று பார்த்து, அடுத்த கிருத்திகைக்கு அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரைப் பேசாமல் உட்கார வையுங்கள். இரண்டுக்கும் மெக்கானிக் தேவையில்லை.