பிறர் விழித்திருக்க நாம் உறங்குதல்

உறக்கத்தை நாம் முற்றிலும் நமக்கே உரிய உடைமையென்று கருதுகிறோம். உணவைப் பகிரலாம்; உடையைப் பகிரலாம்; ஒருவருக்காக மற்றொருவர் உறங்க இயலாது. செல்வரும் வறியவரும் தத்தம் கண்களைத் தாமே மூடியாக வேண்டும். ஆனால் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவருக்கு இந்த எண்ணம் முதல் இரவிலேயே கலைந்துவிடுகிறது.

கீழ்பென்னாத்தூர் வட்டாரம் உழவை நம்பி வாழும் பகுதி. நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் சுமந்து, குனிந்து களையெடுத்துத் தேய்ந்த முதுகுகளை அங்கே காண்பது அரிதன்று. அத்தகைய ஒருவர் வேலூருக்கோ சென்னைக்கோ சென்று, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டு திரும்பியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். பகலில் உற்றார் வந்து நலம் விசாரிப்பர். இரவு வந்ததும் படுக்கை ஒரு புதிய பாடமாகிறது. மல்லாந்து படுத்தால் முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணை வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு இடையில் ஒன்று வேண்டும். திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒருசேர, மரக்கட்டை உருள்வதுபோல் திரும்ப வேண்டும்; உடலை முறுக்கலாகாது. எழும்போது ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கைகளை ஊன்றி எழ வேண்டும். வெறுந்தரையில் படுத்தால்தான் முதுகு நேராகும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் தரையிலிருந்து எழுவதே ஆறாத முதுகுக்குப் பெருஞ்சோதனை. கயிற்றுக் கட்டிலோ தொய்ந்து முதுகை வளைக்கும். தொய்யாத மெத்தையும், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரமும் உள்ள கட்டிலே பெரும்பாலோர்க்கு ஏற்றது. அறுவை செய்த மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொல்லே முடிவு.

இவையெல்லாம் சிறு செய்திகள்தாமே என்று தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் அந்தத் தலையணை நழுவித் தரையில் விழுந்துவிடுகிறது. குனிந்து அதை எடுக்க இவரால் இயலாது. அருகில் பாயில் மனைவி உறங்குகிறார். பகலெல்லாம் வயலிலும் அடுப்படியிலும் உழைத்த களைப்பு. எழுப்புவதா, பொறுத்துக்கொள்வதா? அறநூல்கள் எழுப்பும் பெரிய வினாக்களுக்கு இந்தச் சிறு வினா எவ்வகையிலும் குறைந்ததன்று.

பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்று நம்மில் பலர் உடனே விடை சொல்வோம். வலியை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். அம்மரபு மேலானது, அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் 1957-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், மயக்க மருந்து வல்லுநர்களிடையே உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியைத் தணிக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவ அறத்துக்கு மாறானதன்று என்று தெளிவுபடுத்தினார். நீக்க முடியாத வலியைப் பொறுமையோடு தாங்குவது வேறு. ஒரு தலையணை நீக்கிவிடக்கூடிய வலியை வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பது வேறு. முன்னது சிலுவை; பின்னதைச் சிலுவையென்று சொல்லிவிட முடியுமா?

மேலும், அந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. யாரையும் எழுப்பாமல் தாமே உடலை முறுக்கித் தலையணையை எட்ட முயல்கிறவர், எலும்பு பொருந்தப் பல திங்கள் காத்திருக்க வேண்டிய முதுகுக்கு ஊறு செய்கிறார். உறக்கமிழந்த உடல் தேறுவதற்கும் தாமதமாகும். அந்தச் சுமையைச் சுமப்பவரும் பாயில் உறங்கும் அதே மனைவிதான். தொல்லை தரக் கூடாது என்ற நல்லெண்ணமே பெருந்தொல்லைக்கு வித்தாகலாம்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-ஆம் ஆண்டு முதுகுத் தண்டு காயமுற்றோர் பிரிவைத் தொடங்கியவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். அதற்கு முன் அத்தகைய நோயாளிகள் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் மடிந்தனர். நலமுள்ளோர் உறக்கத்திலேயே தம்மையறியாமல் பலமுறை புரண்டு படுக்கிறோம். உணர்ச்சியற்ற உடல் அவ்வாறு புரளாது. எனவே இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று குட்மன் விதி செய்தார். புதுமையான மருந்தைக் காட்டிலும், விழித்திருந்த கைகளே அங்கே உயிர்களைக் காத்தன.

நம் அண்டை நகரான வேலூரில், 1954-ஆம் ஆண்டு கார் விபத்தொன்றில் முதுகுத் தண்டு காயமுற்று இடுப்புக்குக் கீழே செயலிழந்தார், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். பிறர் கைகளால் பேணப்பட்ட அவரே, பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையும் ஏற்றார். உதவியை ஏற்றுக்கொள்வது மனிதரைச் சிறுமைப்படுத்தும் என்பார்க்கு அவர் வாழ்வே மறுமொழி.

இனி, விழித்திருப்பவர் பக்கத்தையும் நாம் எண்ண வேண்டும். அவருக்கும் உறக்கம் உரியது. நம் குடும்பங்களில் இரவுப் பணி பெரும்பாலும் மனைவியின் மீதோ தாயின் மீதோ மருமகளின் மீதோ விழுகிறது. ‘அவர்கள் பழகியவர்கள்’ என்று மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறோம். மகனும் தம்பியும் முறைவைத்து விழித்திருக்கலாகாதா? அன்பியத்தைச் சேர்ந்த அடுத்த வீட்டார் பழங்களோடு வந்து போவதற்குப் பதிலாக, பகலில் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகிருந்து, அந்தப் பெண்மணியைச் சற்று உறங்கச் செய்யலாகாதா? நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. தண்ணீரும் மருந்தும் மணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்குமாறு படுக்கும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்வதும், தேவைக்கு மட்டும் அழைப்பதும், அழைத்தபின் நன்றி சொல்வதும் அக்கடமை.

படகில் புயலிடையே உறங்கிய இயேசுவைப் பற்றி எழுதும் நற்செய்தியாளர் மாற்கு, அவர் தலையணை வைத்து உறங்கினார் என்பதையும் மறவாமல் குறிப்பிடுகிறார். அதே இயேசு கெத்சமனித் தோட்டத்தில், தம் துயரத்தை மறைக்காமல், தம்மோடு விழித்திருக்குமாறு மூன்று சீடர்களைக் கேட்டுக்கொண்டார். வசதியாக உறங்குவதை அவர் இழிவாகக் கருதவில்லை. துணை கேட்பதைக் குறையாகவும் எண்ணவில்லை. கேட்கப்பட்டவர்கள் உறங்கிவிட்டதே அங்கே நேர்ந்த குறை.

ஆகவே நள்ளிரவில் அந்தத் தலையணைக்காகத் தயங்குகிறவரே, மெல்லக் குரல் கொடுங்கள். அருகில் உறங்குகிறவர்களே, அந்தக் குரல் கேட்கும் தொலைவில் முறைவைத்துப் படுங்கள்.