பதினைந்தாம் லூயி காலத்துச் சுவர், விக்டோரியா காலத்து முகப்பு

மொன்றியல் தீவின் வட கரையில், இன்று அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்று வழங்கும் நகரப் பிரிவில், பிரேரி ஆற்றை ஒட்டி ஒரு பழைய கிராமத் தேவாலயம் நிற்கிறது. எலிசபெத்தம்மாளைக் காண மரியாள் சென்ற நிகழ்ச்சியின் பெயர் அதற்கு. அந்த ஊர் அப்போது சோ-ஓ-ரெக்கோலே. 1736இல் பங்கு ஏற்பட்டு, 1749க்கும் 1751க்கும் இடையில் கோவில் எழுந்தது. பிரான்ஸில் பதினைந்தாம் லூயி ஆண்டுகொண்டிருந்த காலம் அது. கோவில் முடிந்து பத்து ஆண்டு ஆவதற்குள், 1760இல், மொன்றியல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. லண்டனில் பிறந்த ஜான் ஓஸ்டெல் என்ற கட்டடக்கலைஞர் 1850இல் இரட்டைக் கோபுரங்களோடு புது முகப்பு ஒன்றை எழுப்பினார். எனவே தெருவிலிருந்து பார்ப்பவருக்குச் சீராகச் செதுக்கிய சாம்பல் நிறக் கல்லில் விக்டோரியா காலம் தெரியும். பக்கவாட்டில் நான்கு எட்டு வைத்தால், உழவர்களின் ஊர் கட்டிய கரடுமுரடான கற்சுவர் தொடங்கிவிடும். உள்ளே போனால் இரண்டுமல்லாத மூன்றாவது காலம். டேவிட் ஃப்ளூரி டேவிட் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆண்டுக்கணக்காக இழைத்த மர விதானம், சாய்சதுரக் கட்டங்களாக, நீலமும் பொன்னுமாகத் தலைக்கு மேலே விரிகிறது.

மூன்று காலமும் இரண்டு அரசும் ஒரே கட்டடத்தில் இப்படிக் கூடியிருக்கும்போது, அதில் எது உண்மையான கோவில் என்ற கேள்வி எழாமல் இராது. கலை வரலாற்றுக்காரரின் கேள்விபோலத் தோன்றினாலும் இது சமயக் கேள்விதான். வழிபாட்டுக்கென்று உரிய ஓர் உருவம் உண்டா, அந்த உருவம் கலைந்தால் புனிதமும் குறையுமா என்பதே இதன் அடியில் கிடப்பது.

உண்டு என்று மிகப் பலமாக வாதிட்டவர்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்களே. அகஸ்டஸ் பியூஜின் 1836இல் வெளியிட்ட ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ நூலில் இடைக்கால நகரத்தையும் தம் காலத்து நகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டி, கட்டடம் கெட்டதற்குக் காரணம் விசுவாசம் கெட்டதே என்றார். கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் முறைதான் கிறிஸ்தவ முறை. கிரேக்க, ரோமானியத் தூண்கள் அஞ்ஞானிகளுடையவை. 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கேம்டன் சங்கம் இதே எண்ணத்தை இங்கிலாந்தின் கிராமக் கோவில்கள்தோறும் கொண்டுபோனது. பியூஜினின் இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. அலங்காரம் கட்டுமானத்தை அழகுபடுத்தலாம், மறைக்கக்கூடாது. மறைத்தால் அது பொய். கடவுளின் வீட்டில் பொய்க்கு இடமில்லை. இந்த அளவுகோலால் அளந்தால் சோ-ஓ-ரெக்கோலே கோவில் இரண்டு தடவை தவறுகிறது. பட்டணத்துக் கோலத்தில் ஒரு முகப்பு, பின்னாலே பட்டிக்காட்டுச் சுவர். கல் வளைவுபோல வளைந்து நின்று எந்தப் பாரத்தையும் தாங்காத மர விதானம்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மொன்றியலின் சான்றுகள் அதற்கு ஒத்துவரவில்லை. நகரின் நடுவிலுள்ள நோத்ர் தாம் பேராலயத்தை 1820களில் கோதிக் முறையில் வடிவமைத்த ஜேம்ஸ் ஓடொனல் ஒரு புராட்டஸ்டன்ட். சாகும் தறுவாயில்தான் கத்தோலிக்கரானார். அதன் கோபுரங்களை 1840களில் கட்டி முடித்தவர் நம் ஓஸ்டெல். சுங்கச் சாவடிக்கும் மக்கில் கல்லூரிக்கும் வரைந்த அதே கைதான் இந்தக் கிராமக் கோவிலுக்கும் வரைந்தது. பிறகு மொன்றியலின் கத்தோலிக்க ஆயர் பூர்ஜே, உரோமாபுரியோடு தமக்கிருந்த பற்றைக் காட்ட, புனித பேதுரு பேராலயத்தின் சிறு பிரதியாகத் தம் தலைமைக் கோவிலை அமைக்க விரும்பினார். 1850களில் கோதிக்கைக் கையில் எடுத்தவர்களோ ஆங்கிலிக்கர்கள், தங்கள் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்துக்காக. அரை நூற்றாண்டுக்குள் ஒரே ஊரில் பாணிகள் சபை விட்டுச் சபை மாறிவிட்டன. விசுவாசத்தோடு பிறந்த உருவம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவு எளிதாக இடம் மாறாது.

முகப்பு பொய் சொல்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு நம் கோவில்களே நல்ல மறுமொழி. நாயக்கர் காலத்து இராஜகோபுரத்தின் அடித்தளம் கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும். அத்தனை உயரத்துக்கு உள்ளே பெரும்பாலும் ஒரு சிறு கருவறைதான். கோபுரம் பொய் சொல்கிறது என்று யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் கருவறையின் அளவை அறிவிப்பது அதன் வேலையன்று. உள்ளே இருப்பவர்மேல் ஊர் வைத்த மதிப்பை அறிவிப்பது. ஓஸ்டெலின் முகப்பும் அதையே செய்கிறது, அதுவும் ஒளிவுமறைவின்றி. பக்கச் சுவரை அது மூடவில்லையே.

எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும். பிரெஞ்சுக் காலத்துக் கோவில்தான் மூலம், ஆங்கிலேயர் முகப்பு பிற்சேர்க்கை, அதைக் கழற்றிவிடலாமே என்பது. இது வெறும் கற்பனை அல்ல. கியூபெக் நகரின் பிளாஸ் ரொயாலில் 1960களுக்குப் பின் நடந்த மீட்புப் பணியில், பிரெஞ்சு ஆட்சிக் காலத் தோற்றத்தை வரவழைப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் மாடிகளும் முகப்புகளும் அகற்றப்பட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் வாழ்ந்த தலைமுறைகளை அந்தச் சதுக்கம் இல்லாதவர்களாக்கிவிட்டது. கோவிலில் இதைச் செய்வது இன்னும் மோசம். 1850இல் அந்த முகப்பை எழுப்பியவர்களும் அங்கே முழந்தாளிட்டவர்கள்தானே?

அப்படியானால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாமா, எதை வேண்டுமானாலும் இடிக்கலாமா? இல்லை. என் அளவுகோல் இது: புதியது வந்தபின் பழையது பேச முடிகிறதா? பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கற் கோவில்களைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். கட்டடம் போனது, சாட்சியம் நின்றது. அண்மைக் காலத்தில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு இயந்திரத்தால் தூண்களைத் துலக்கியபோது, கட்டடம் நின்று எழுத்துகள் போயின. இரண்டும் மாற்றந்தான், ஆனால் ஒன்றாகா. சென்னை சாந்தோம் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. போர்த்துகீசியர் கட்டிய கோவிலை இடித்துவிட்டு, கோதிக் பாணியில் எழுப்பி 1896இல் அபிஷேகம் செய்யப்பட்டதுதான் இன்றைய பேராலயம். தோமையாரின் கல்லறை இருந்ததால் இடத்தின் தொடர்ச்சி அறுபடவில்லை. ஆனாலும் முன்னூறு ஆண்டு ஜெபித்தவர்களின் சுவர் போனது இழப்பே. சோ-ஓ-ரெக்கோலேக்காரர்கள் இடிக்காமல் முன்னால் சேர்த்தார்கள். கைக்காசு இல்லாமலும் இருந்திருக்கலாம். பக்தி பலவேளை சிக்கனத்தின் துணையோடுதான் நல்ல காரியம் செய்கிறது.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. 1974இல் கியூபெக் மாகாண அரசு சோ-ஓ-ரெக்கோலே கோவிலை வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தியது. அனுமதியில்லாமல் இனி மாற்ற முடியாது. தலைமுறைதோறும் சேர்ப்பதே உயிர் என்றால், சட்டம் அந்த உயிரை நிறுத்திவிடவில்லையா? சமூகத்தின்மேல் சபையின் பிடியைத் தளர்த்திய 1960களின் அமைதிப் புரட்சிக்குப் பின் கியூபெக்கில் பூசைக்குப் போவோர் தொகை வீழ்ந்தது. அதன்பிறகு சமயச் சின்னங்களுக்கு மரபுச்செல்வம் என்ற புதுப் பெயர் கிடைத்தது. 1936இல் கியூபெக் சட்டசபையில் மாட்டிய பாடுபட்ட சுரூபத்தை எடுக்கலாம் என்று 2008இல் ஓர் ஆணைக்குழு சொன்னபோது, உறுப்பினர்கள் ஏகமனதாக மறுத்தார்கள். அவர்கள் சொன்ன நியாயம் விசுவாசமன்று, வரலாறு. 2019இல் அதையே கழற்றி வேறிடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். வரலாறு மட்டும் தாங்கும் சின்னம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இது போதும்.

ஆனாலும் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். சேர்ப்பதற்கு ஆள் குறைந்த காலத்தில், இடிப்பவரிடமிருந்தாவது அது காக்கிறது. குறை சொல்ல வேண்டியது, காப்பது என்றால் 1850இல் நிறுத்திவைப்பது என்று சட்டத்துக்குப் பொருள் சொல்பவர்களை. பல நாட்டார் குடியேறிய நகரப் பிரிவு இது. நாளை வேறு மொழி பேசும் கத்தோலிக்கர் அந்த நீல விதானத்தின் கீழ் பூசைக்கு இடம் கேட்டு, தங்கள் ஊர் மாதாவின் சுரூபத்தையும் கொண்டுவரக்கூடும். சுவரைக் குடையாமல், செதுக்கிய மரத்தில் ஆணி அடிக்காமல், வேண்டும்போது எடுக்கக்கூடிய ஒரு பீடத்தில் அதை வைப்பதற்கு அனுமதி மறுக்க நியாயமே இல்லை.