உடைந்ததும் உடைத்ததும்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என இரு பிரிவுகள் உண்டு. 'உடைந்தது' என்பது தன்வினை. 'உடைத்தேன்' என்பது பிறவினை. வினையடியை அடுத்து மாறுவது ஒரு மெய்யெழுத்தே. ஆயினும் மனிதனின் நேர்மை முழுவதும் அவ்வோர் எழுத்தில் அடங்கிவிடும் நேரங்களும் உள. நாம் வாழும் வங்கத்தின் மொழியிலும் இவ்வேறுபாடு காண்கிறோம். 'பெங்கே கேச்சே' எனின் உடைந்து போயிற்று என்று பொருள். 'பெங்கே ஃபேலேச்சி' எனின் உடைத்துவிட்டேன் என்று பொருள்.

சாந்த்ராகாச்சியில் கார் வைத்திருக்கும் நம்மவர் எவரும் இவ்விரு சொற்களின் எடையை உணர்வர். எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் காலையில் விட்ட வண்டி, மாலையில் முகப்பு விளக்கின் பிடிப்பு முறிந்து திரும்புகிறது. கேட்டால், "முன்பே அப்படித்தான் இருந்தது" என்ற விடை வருகிறது. இழப்பு யாரைச் சார்ந்தது?

உடைதல் எல்லாம் குற்றமாகாது. எஞ்சினின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் காய்ந்த பிளாஸ்டிக் பிடிப்பு, பக்குவமான கை பட்டாலும் முறியும். கங்கைக் கரையின் ஈரக்காற்றில் துருவேறிய போல்ட், கழற்றும்போது தலை அறுந்து போகும். இவை காலம் செய்த வினை. ஆனால், அலுமினியத் தலைப்பாகத்தில் ஸ்பார்க் பிளக்கை அளவுக்கு மீறி முறுக்கி மரையைக் கெடுப்பது கை செய்த வினை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது நீதியன்று.

சட்டமும் இவ்வாறே பிரிக்கின்றது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கையேற்றவன், இயல்பான அறிவுடைய ஒருவன் தன் பொருளிடத்துக் காட்டும் கவனத்தைக் காட்டவேண்டும் என்கிறது. அக்கவனத்தைக் காட்டிய பின்னும் கேடு நேர்ந்தால், தனி உடன்பாடு இல்லாதவிடத்து, அவன் பொறுப்பாளி அல்லன் என்பது 152-ஆம் பிரிவு. நமக்கு இது புதிதன்று. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்னும் கருத்தை, நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் வைத்துள்ளார்.

எனினும், சட்டம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒருவர், தம் தந்தையார் ஓட்டிய அம்பாசிடர் காரை இன்றும் பேணி வருகிறார். உத்தரபாராவில் அவ்வண்டியின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. பழைய உறுப்பொன்று போனால் மாற்று தேடி அலையவேண்டும். ஒருமுறை பணிமனையில் அதன் கதவுக் கைப்பிடி முறிந்தது. பணிமனைக்காரர் அங்கு நின்ற இளைஞனைக் காட்டி, அவன் கூலியில் பிடித்துக்கொண்டு விலையைத் தருவதாகச் சொன்னார். நண்பர் உடன்படவில்லை. "வண்டியை உங்களிடம் ஒப்படைத்தேன், அவனிடம் அன்று. வேலையின் இலாபம் உங்களுடையது எனில் நட்டமும் உங்களுடையதே" என்றார். பின்னர் மல்லிக் பஜாரில் பழைய கைப்பிடி ஒன்று கிடைத்தது. பணிமனை விலை கொடுத்தது. அவ்விளைஞனே அதைப் பொருத்தினான்.

நமக்கும் கடமை உண்டு. வண்டியை விடும்போதே இருக்கும் குறைகளை இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளல் நன்று. தேய்ந்த உறுப்புக்குப் புதியது பெற்றால், அந்த மிகுதிக்கு ஒரு பங்கு கொடுப்பது முறை. பிறர் பிழையால் நாம் ஆதாயம் பெறுதல் கூடாது. எல்லாவற்றினும் மேலாக, "நாம் வெளியூரார், அதனால் ஏமாற்றுகிறார்கள்" என்று உடனே முடிவுகட்டலாகாது. சென்னையிலும் மதுரையிலும் கைப்பிடிகள் உடைகின்றன. அங்கும் 'முன்பே இருந்தது' என்போர் உளர். ஒருவரின் அசட்டையை ஓர் இனத்தின் குணமாக்குவது, உடைந்த கைப்பிடியினும் பெரிய சேதம்.

அதற்காக ஏமாற்றத்தை விழுங்கவும் வேண்டுவதில்லை. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வாழும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வெளியூரார் என்பது இதற்குத் தடையன்று.

இறுதியாக ஒன்று. 'உடைத்தேன்' என்று சொல்பவனுக்கு அடியும் கூலிவெட்டும், 'உடைந்தது' என்பவனுக்கு விடுதலையும் கிடைக்குமானால், எவன் மெய் சொல்வான்? பணிமனைக்குப் பொருந்தும் இது வீட்டுக்கும் பொருந்தும். கண்ணாடிக் குவளையைத் தவறவிட்ட குழந்தை நம்மிடம் எந்த வினையைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அச்சமின்றிப் பிறவினை சொல்லும் குழந்தை வளரும் வீட்டில் அறம் குடியிருக்கிறது.