வழியில் நின்றவனுக்கு வழிச்செலவு



மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் கூடிச் சங்கம் அமைப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் ஒன்றாகப் பயணம் போவார்கள். ஒருவருடைய வண்டி பழுதானால் மற்றவர்கள் விட்டுப் போகாமல் கூட நிற்பார்கள். விபத்தில் இறந்த தோழனின் குடும்பத்துக்குக் காசு சேர்த்துக் கொடுப்பார்கள். இப்படியான சங்கங்களின் முன் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு கேள்வியை இந்த வாரம் நற்செய்தியின் ஒளியில் சிந்திப்போம்.

ஒருவன் மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகப் போகிறான். இப்படிப் போகிறவர்கள் உலகில் பலர். டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1973ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு 4 ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். ஆனால் எல்லாப் பயணமும் வீட்டு வாசலில் முடிவதில்லை. அந்நிய தேசமொன்றில் இயந்திரம் உடைந்துவிடுகிறது. அல்லது விழுந்து கால் முறிந்துவிடுகிறது. கையிலிருந்த காசும் கரைந்துவிடுகிறது. ஒருநாளும் கண்டிராத சங்கத்தவர்களிடம், "எனக்கு உதவி செய்யுங்கள், நான் பயணத்தைத் தொடர வேண்டும்" என்று கேட்கிறான்.

உடனே சங்கம் இரண்டாகப் பிரிகிறது. "அவனும் எங்களைப் போல ஒருவன்தானே, ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்கிறது ஒரு பக்கம். "ஊர் பார்க்கப் போனவனுக்கு நாங்கள் ஏன் வழிச்செலவு கொடுக்க வேண்டும்? போதிய காசில்லாமல் புறப்பட்டது அவனுடைய பிழை. வண்டியை விற்றுவிட்டு வீடு போய்ச் சேரட்டும்" என்கிறது மற்றப் பக்கம்.

பிரியமானவர்களே, இது மோட்டார் சைக்கிள்காரரின் வழக்கு மாத்திரமல்ல. பங்குச் சபையிலும், மாதர் சங்கத்திலும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழும் தூரத்து உறவினனுக்குப் பதில் சொல்ல வேண்டிய குடும்பத்திலும் இதே வழக்கு நடக்கிறது. ஆகவே இரண்டு பக்கத்தையும் ஆண்டவர் முன் கொண்டு போவோம்.

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் பாதை ஏறக்குறைய 27 கிலோமீற்றர். அந்தப் பாதையில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை லூக்காஸ் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவன் ஏன் அந்தப் பயணம் போனான்? வியாபாரத்துக்கா, உறவினரைப் பார்க்கவா, வெறும் உல்லாசத்துக்கா? ஆபத்தான பாதை என்று தெரிந்தும் தனியே போனது அவனுடைய மடத்தனமா? இவற்றுள் ஒன்றுக்காவது ஆண்டவர் பதில் சொல்லவில்லை. சமாரியனும் கேட்கவில்லை. காயத்தைக் கண்டான், மனம் இரங்கினான், கிட்டப் போனான். அந்தக் கதையில் வாகனம் உள்ளவனாகக் காட்டப்படுபவனும் அவன் ஒருவனே. தன் மிருகத்தின் மேல் காயப்பட்டவனை ஏற்றினான். வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த இடத்தைக் கவனித்து வாசிக்க வேண்டும்.

ஆகவே, "அவன் ஏன் புறப்பட்டான்?" என்பது முதற் கேள்வியாக இருக்க முடியாது. முதற் கேள்வி, "அவன் இப்போது எந்த நிலையில் இருக்கிறான்?" என்பதே.

இதை நமது சனத்துக்கு விளங்கப்படுத்தத் தூரம் போக வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். தொழிலுக்குப் போன அவ்வூர் மீனவர்கள் அவர்களைக் கண்டு தங்கள் வள்ளங்களில் ஏற்றினார்கள். நீங்கள் ஏன் வந்தீர்கள், யாருக்குக் காசு கொடுத்து வந்தீர்கள் என்ற விசாரணை கடலில் நடக்கவில்லை. கரைக்கு வந்த பின்பே நடந்தது. இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னவர்கள், உண்மையில் ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பதும் பின்புதான் தெரிய வந்தது. அதற்காக யாரும் அவர்களைத் திரும்பவும் கடலில் இறக்கிவிடவில்லை. முழு உண்மையும் தெரிந்த பின்புதான் கை நீட்டுவோம் என்று அந்த மீனவர்கள் இருந்திருந்தால், இன்று கனடாவில் பேரப்பிள்ளைகளோடு பூசைக்குப் போகும் எத்தனை பேர் கடலின் அடியில் கிடந்திருப்பார்கள்! காப்பாற்றுதல் முதலில், விசாரணை பிறகு. இது பிறரன்பின் ஒழுங்கு.

"வண்டியை விற்றுவிட்டுப் போகட்டும்" என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல நாடுகள் அந்நிய வாகனத்தைச் சுங்கவரி இல்லாமல் உள்ளே விடும்போது ஒரு சுங்கப் புத்தகத்தைக் கேட்கின்றன. வாகனம் திரும்ப வெளியே போகும் என்பதற்குப் பிணையாகப் பயணி தன் ஊரிலேயே பணம் கட்ட வேண்டியிருக்கும். அங்கே வண்டியை விற்றாலோ கைவிட்டாலோ அந்தப் பணம் போய்விடும், சட்டச் சிக்கலும் வரும். 2020 மார்ச் மாதம் கொரோனாவினால் நாடுகள் எல்லைகளை மூடியபோது பல தேசங்களில் மோட்டார் சைக்கிள் பயணிகள் முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் அகப்பட்டார்கள். அவர்களில் பலர் கவனமாகத் திட்டமிட்டுப் புறப்பட்டவர்களே. வீட்டுத் திண்ணையில் இருந்து வழியில் நிற்பவனுக்குப் புத்தி சொல்வது இலேசு. அவனுடைய நிலையை விசாரித்து அறிந்து பேசுவது நீதி.

அப்படியானால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா? இல்லை. இங்கேதான் இரக்கமும் விவேகமும் கை கோத்து நடக்க வேண்டும்.

சமாரியன் என்ன கொடுத்தான் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான். சத்திரம் வரை கொண்டுபோனான். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அது ஒரு கூலியாளின் இரண்டு நாட் சம்பளம். மேலதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். எரிக்கோவில் அந்த மனிதன் முடிக்கவிருந்த அலுவலுக்கு அவன் செலவு கொடுத்ததாக உவமையில் இல்லை. குழியிலிருந்து சத்திரம் வரை அவனுடைய கடமை இருந்தது.

ஊதாரி மைந்தனின் உவமையையும் பாருங்கள். அவன் தன் பிழையாலேயே கெட்டான். ஆனாலும் தந்தை ஓடிப்போய்க் கட்டி அணைத்தார். ஆடையும் மோதிரமும் மிதியடியும் விருந்தும் கொடுத்தார். திரும்பவும் தூர தேசம் போவதற்கு இன்னொரு பங்கைப் பிரித்துக் கொடுக்கவில்லை. பிழை செய்தவன் என்பதற்காக அன்பு குறையவில்லை. அன்பு இருந்ததற்காக அறிவு மழுங்கவும் இல்லை.

நமது முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெருக்களின் ஓரத்தில் அவர்கள் சுமைதாங்கி கட்டினார்கள். பருத்தித்துறையின் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. தலைச்சுமையோடு வருகிறவன், யாருடைய உதவியும் இல்லாமல் சுமைதாங்கியில் பாரத்தை இறக்கி இளைப்பாறலாம். சுமைதாங்கி அவனுடைய சாதியைக் கேட்பதில்லை. சுமை எதற்கென்று கேட்பதுமில்லை. ஆனால் சுமையைத் தூக்கிக்கொண்டு அவனுடைய வீடு வரை போவதுமில்லை. மூச்சு வாங்கி, திரும்ப நடக்கும் பலத்தை அவன் பெறும் வரை தாங்கி நிற்கிறது. சங்கம் செய்ய வேண்டியதும் இதுவே. ஆஸ்பத்திரிச் செலவு, தங்க ஓர் இடம், வண்டியைத் திருத்தும் கூலி, வீடு திரும்ப ஒரு ரிக்கற், இவை கடமைக்குள் வரும். மீதிக் கண்டங்களையும் சுற்றிப் பார்க்கும் செலவு கடமையல்ல. அதை ஒரு நண்பன் விரும்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பு. கொடுக்காதவனைக் குறை சொல்ல முடியாது.

எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். ஆதித் திருச்சபையிலும் இந்தச் சிக்கல் இருந்தது. 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' எனப்படும் பழைய ஏடு 1873ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883ஆம் ஆண்டு அச்சில் வந்தது. வழிப்போக்கனாக வருகிறவனுக்கு இயன்ற உதவியைச் செய்யுங்கள், ஆனால் அவன் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது, அங்கேயே குடியிருக்க விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும் என்ற கருத்தில் அது அறிவுறுத்துகிறது. கிறிஸ்துவின் பெயரை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பற்றி எச்சரிக்கவும் செய்கிறது. முதற் கிறிஸ்தவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். கண்ணையும் திறந்து வைத்தார்கள்.

ஆகவே சங்கத்தவர்கள், முதலாவதாக, கேட்பவன் சொல்வது மெய்யா என்று பார்க்கட்டும். அந்த ஊரில் உள்ள ஓர் ஓட்டுநரோ ஒரு பங்குத் தந்தையோ நேரில் போய்ப் பார்த்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும். இப்படிப் பார்ப்பதைச் சந்தேகம் என்று எண்ண வேண்டாம். பொய்யன் ஒருவன் வாங்கிப் போகும் காசு, அடுத்ததாக மெய்யாகவே விழுந்து கிடப்பவனின் காசு. ஏமாந்த சங்கம் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொள்ளும்.

இரண்டாவதாக, சமாரியனைப் போலச் சத்திரக்காரன் கையில் கொடுக்கட்டும். திருத்துகிறவரின் கூலியை அவருக்கே கட்டலாம். ரிக்கற்றை வாங்கி அனுப்பலாம். பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களுக்கு 2013ஆம் ஆண்டு பரிசாக வந்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் ஒன்று 2014 பெப்ரவரியில் பாரிசில் ஏலம் விடப்பட்டு 241,500 யூரோவுக்கு விலைபோனது. அந்தப் பணம் உரோமையின் தெர்மினி புகையிரத நிலையத்தில் கரித்தாஸ் நடத்தும் விடுதியையும் உணவுச்சாலையையும் திருத்துவதற்கென்று கொடுக்கப்பட்டது. போக்கிடமற்றவனுக்காக ஒரு மோட்டார் சைக்கிள் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவதாக, பொதுப் பணத்தைத் தொடும்போது நீதி தவறக் கூடாது. விபத்தில் இறந்தவரின் விதவைக்கென்று சேர்த்த காசை எடுத்து வழிப்போக்கனுக்குக் கொடுத்துத் தாராள மனதுக்காரர் என்று பெயர் வாங்குவது தர்மமல்ல. அதற்கென்று தனியே தட்டு ஏந்தட்டும். விரும்பியவர் போடட்டும். இத்தனை ரூபா என்று யாரையும் நெருக்க வேண்டாம். முகம் சுளித்துக் கொடுக்கும் காசை ஆண்டவர் கேட்கவில்லை.

இனி, கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அருளப்பர் எழுதிய மூன்றாம் திருமுகம் வேதாகமத்தின் மிகச் சிறிய ஏடுகளில் ஒன்று. அது முழுவதும் இந்த விஷயத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. அறிமுகமில்லாத சகோதரர்களுக்கு உதவிய காயு என்பவரை அருளப்பர் பாராட்டி, கடவுளுக்கு ஏற்ற விதத்தில் அவர்களை வழியனுப்பி வைக்கும்படி கேட்கிறார். அதே சபையில் தியோத்திரேப்பு என்ற இன்னொருவன் இருந்தான். அவன் தானும் வழிப்போக்கரை ஏற்கவில்லை. ஏற்க விரும்பியவர்களையும் தடுத்துச் சபையைவிட்டே தள்ளினான். கொடுக்க இயலாதவன் பாவியல்ல. கொடுக்கிறவனை ஏளனம் செய்து அவன் கையைப் பிடிப்பவன் தன் ஆத்துமத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன். எந்தச் சங்கத்திலும் காயுவும் இருப்பார், தியோத்திரேப்புவும் இருப்பான். நான் யார் என்று ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்க வேண்டும்.

பிரியமான குடும்பத்தவர்களே, வழியில் நின்றுபோவது என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். 2022ஆம் ஆண்டு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். எமது பிள்ளைகளில் எத்தனை பேர் பாதி வழியில் அந்நிய நகரங்களில் அகப்பட்டு, பெயர் தெரியாத ஒருவர் கொடுத்த பாணையும் படுக்க இடத்தையும் கொண்டு உயிர் தப்பினார்கள்! அந்தக் கடனை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவர்கள் யாரென்றே தெரியாது. ஆனால் இன்று வழியில் நிற்கும் இன்னொருவனிடம் அந்தக் கடனைக் கட்டலாம்.

ஆகவே உங்கள் வாசலுக்கோ சங்கத்துக்கோ இப்படியொரு வேண்டுகோள் வந்தால், அவன் தகுதியுள்ளவனா என்பதிலிருந்து தொடங்காதீர்கள். விழுந்து கிடக்கிறானா என்று பாருங்கள். விழுந்து கிடந்தால் தூக்குங்கள். விசாரித்துக் கொடுங்கள், கூடிக் கொடுங்கள், சத்திரம் வரை கொடுங்கள். அதன்பின் அவன் தன் பாதையில் போகட்டும், நீங்கள் உங்கள் பாதையில் போங்கள். கடைசி நாளில், அந்நியனாக வந்தபோது என்னை ஏற்றாயா என்று கேட்கப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் எந்த வாகனத்தில், எந்தக் கோலத்தில், யாருடைய பிழையால் வழியில் நிற்பார் என்பதை முன்கூட்டியே நமக்குச் சொல்லவில்லை.

வழித்துணையான எம் ஆண்டவர் உங்கள் பயணங்களையும் உங்கள் பிள்ளைகளின் பயணங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.